மலையேறாத தெள்ளு

தெள்ளுப்பூச்சிக்கு இறக்கை கிடையாது. இந்த ஒரு குறையை நம்பித்தான் அரசாங்கம் நாற்பத்திரண்டு சோதனைச் சாவடிகளைக் கட்டியிருந்தது. கொசுவைப் பிடித்து நீ எந்த ஊர் என்று கேட்டால் காற்றடித்த பக்கமெல்லாம் என் ஊர் என்று சொல்லும். தெள்ளு அப்படியில்லை. ஒரு நாய்மேல் பிறந்து, அந்த நாயோடு திரிந்து, பக்கத்து நாய்க்குத் தாவினால் அதுவே அதற்கு வெளிநாட்டுப் பயணம். ஒரு மலைத் தெள்ளும் அடுத்த மலைத் தெள்ளும் தலைமுறைக் கணக்கில் முகம் பார்க்காமலே கிடந்து, உடம்புக்குள் எழுதியிருக்கும் எழுத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போகின்றன. அந்த எழுத்தைப் படிக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. மனிதன் பொய் சொல்வான், அவன் நாய்மேல் இருக்கும் தெள்ளு சொல்லாது. சுகாதாரத் துறையின் சுவரொட்டியில் இதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கல்லுப்பாலம் சாவடியில் அந்த இயந்திரத்துக்கு எதிரே கமலவேணி மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். வயது நாற்பத்தேழு. உட்கார்ந்தால் எழுந்திருக்க முழங்கால் விடாது, எழுந்துவிட்டால் உட்கார விடாது. ஆனைவழுக்கி மலையில் நெறிக்காய்ச்சல் வந்த வருடம் சாவடிகள் வந்தன. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி நாலே நாளில் ஆளைச் சாய்க்கிற காய்ச்சல். அதைத் தெள்ளு சுமக்கிறது என்று தெரிந்ததும் மலையைச் சுற்றி முள்வேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். அங்கிருந்து இறங்கி வரும் ஆடு மாடு நாய் எல்லாம் குழிக்குள், ஆட்கள் நாற்பது நாள் முகாமுக்குள். இதுதான் சட்டம்.

இயந்திரம் மூன்று பதில்தான் சொல்லும். நல்ல ஊர்த் தெள்ளு என்றால் பச்சை. பூட்டிய மலைத் தெள்ளு என்றால் சிவப்பு. வரைபடத்தில் எந்த ஊரோடும் பொருந்தாவிட்டால் ‘பதிவில் இல்லை’. பதிவில் இல்லாததையும் பச்சையாகவே கணக்கில் வைத்து விட்டுவிடச் சொல்லி உத்தரவு. இல்லாவிட்டால் சந்தைக்குப் போகிற ஆட்டில் பாதி பாலத்திலேயே நின்றுவிடும் என்று வியாபாரிகள் சத்தம் போட்டிருந்தார்கள்.

அன்று காலை வந்தது சாத்தையா கீதாரியின் மந்தை. முந்நூற்று நாற்பது செம்மறி, மூன்று நாய், அவர், அவருடைய தம்பி மக்கள் இரண்டு பேர். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு புறப்பட்டு, அறுவடை முடிந்த நிலங்களில் எருவுக்காகக் கிடை போட்டுக்கொண்டே வருடம் முழுக்க நடக்கிற கூட்டம். அந்தக் கூட்டத்தை நடத்துகிறவரைத்தான் கீதாரி என்பார்கள். சாத்தையாவுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். அவர் கால்கள் பாலத்துக் கைப்பிடிக் கம்பி மாதிரி நேராக இருந்தன. கமலவேணிக்குப் பார்க்கவே பொறாமையாக இருந்தது.

“எந்தப் பக்கமிருந்து வர்றீங்க கீதாரியய்யா?”

“எல்லப்பாறை தாயி. மலைக்குக் கீழ. பருத்தி எடுத்த காட்டுல கெடை போட்டிருந்தோம்.”

“மேல ஏத்துனீங்களா?”

“எங்க ஆடு மலை ஏறாது தாயி. ஏறுனா வெள்ளாடுதான் ஏறும். இதுக செம்மறி, மண்ணைப் பாத்துத்தான் நடக்கும்.”

எல்லோரும் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். அவள் வெள்ளைத் துணியை விரித்தாள், பேன் சீப்பை எடுத்தாள். காதில் வெள்ளைப் புள்ளி உள்ள பெட்டை நாயைச் சாத்தையா இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தி, தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். நாய் அசையவில்லை. சீவச் சீவ, துணியில் மிளகுத்தூளைச் சிந்தியதுபோலத் தெள்ளு விழுந்து துள்ளியது.

“நல்லாப் பிடிக்கிறீங்க. மத்த மந்தையில நாயைப் பிடிக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போயிரும்.”

“பழக்கம் தாயி,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இன்னும் ஏதோ இருந்தது. அவள் கவனிக்கவில்லை.

தம்பி மகன்களில் மூத்தவன் குனிந்து பார்த்தான். “இத்தனூண்டுப் பூச்சிக்குள்ள ஊர்ப்பேரா எழுதியிருக்கு?”

“ஊர்ப்பேரு இல்லப்பா. ஆத்தாகிட்ட இருந்து மகளுக்கு, மககிட்ட இருந்து பேத்திக்குன்னு வர்ற ஒரு எழுத்து. மலைக்கு மலை அது கொஞ்சம் மாறியிருக்கும். தெள்ளால பறந்து போயி கலக்க முடியாதுல்ல?”

“அதுவாப் போகாது சரி. நாம தூக்கிட்டுப் போனா?”

கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது. “தெள்ளை எவனாவது தூக்கிட்டுத் திரிவானா?”

ஐந்து தெள்ளைக் குப்பியில் போட்டு இயந்திரத்துக்குள் தள்ளினாள். இரண்டு மணி நேரம் ஆகும். மந்தையை வேலமரத்துப் பக்கம் மடக்கச் சொன்னாள்.

ஒன்றரை மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

கேட்டைப் பார்த்துக்கொள்ளும் வில்வநாதன் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே பொக்லைன்காரனுக்குப் போன் போட்டான். அவனுக்கும் மூன்று வருடப் பழக்கம். கமலவேணி நாலு மணிக்குள் கைரேகை வைத்து உறுதி செய்தால்தான் குழி தோண்ட வேண்டும் என்பது விதி. பொக்லைன்காரனோ, சாயந்திரம் வேறு வேலை இருக்கிறது என்று இரண்டு மணிக்கே வந்து தோண்ட ஆரம்பித்துவிட்டான். மந்தைக்கு நூறடி தள்ளி மண் குவிந்துகொண்டிருந்தது. ஆடுகள் அதைப் பார்த்தபடி அசை போட்டன.

அவள் விரலை நீட்டினாள். நீட்டிய விரல் அப்படியே நின்றது.

திரையில் ‘ஆ-17. பொருத்தம் நூற்றுக்கு நூறு’ என்று இருந்தது. ஐந்து தெள்ளுக்கும் அதே நூறு. ஒரே மலையில் பிறந்த தெள்ளுகூட ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி, மூக்கு ஒன்று, முழி ஒன்று என்று கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கும். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு வந்தாலே ஆகா என்பார்கள். நூறு எப்படி வரும்? போன வருடமும் ஒரு மந்தைக்கு நூறு வந்தது. அன்றைக்குச் சந்தேகமே இல்லை, நிம்மதி என்று சந்தோஷப்பட்டு ரேகை வைத்தாள். அதற்கு முந்தைய சிவப்புகளைத் தேடிப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அவள் சாவடியில் ஒன்பது மந்தை. ஒன்பதும் ஆ-17. ஒன்பதும் நூறு. ஒன்பது கீதாரிகளும் அடுத்தடுத்த மூன்று ஊர்க்காரர்கள். இவர்கள் ஏன்தான் மலைக்கே போய் விழுகிறார்களோ என்று அப்போது அவள் சலித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

ஆ-17 என்பது ஒப்பிடுவதற்கென்று அந்த மலையில் எடுத்து வைத்த மூல மாதிரி. அதன் அட்டையைத் திறந்தாள். இதுவரை திறந்ததில்லை. மறந்து போயிருந்தாள் என்று சொல்ல முடியாது, மறந்ததாக வைத்துக்கொண்டிருந்தாள்.

‘ஆனைவழுக்கி, மேல்முகடு. குடியிருப்பு நாய். ஐந்து தெள்ளு. எடுத்தவர்: கமலவேணி.’ பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. தற்காலிக வேலை. ஊர் ஊராகத் தெள்ளு சேகரித்து வரைபடம் போடும் திட்டம். காய்ச்சலும் கிடையாது, வேலியும் கிடையாது, யாருக்கு எதற்கு என்றே தெரியாத ஓர் ஆராய்ச்சி. நாளைக்கு மூன்று மலை என்று இலக்கு. அன்றைக்கு ஆனைவழுக்கி மூன்றாவது. மழை பெய்து பாதையெல்லாம் அட்டைப்பூச்சி நெளிந்தது. எல்லப்பாறையில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஓட்டுநர் சொன்னார்: “மேல ஏறி இறங்க ஆறு மணி நேரம். கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்பாங்க. இங்க மலையும் இருக்கு, நாயும் இருக்கு. எடுத்துக்கிட்டுப் போவீங்களா?” அடிவாரத்தில் ஒரு மந்தை கிடை போட்டிருந்தது. மேய்க்கிறவர் கிழிந்த காது நாயொன்றை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, தாடையை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் சட்டியில் ஆட்டுப்பாலைக் காய்ச்சி, கருப்பட்டி போட்டுக் கொடுத்தார். அட்டையில் ‘மேல்முகடு’ என்று எழுதியபோது கையில் அந்தச் சூடு இன்னும் இருந்தது.

அந்தப் பிடியைத்தான் காலையில் பார்த்திருக்கிறாள்.

எழுந்து வேலமரத்துக்குப் போனாள். முழங்கால் வலித்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. சாத்தையா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொக்லைனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

“கீதாரியய்யா, பதினோரு வருசத்துக்கு முந்தி எல்லப்பாறையில ஒரு நாயைப் பிடிச்சுக் குடுத்தீங்களா?”

“கருவாச்சி,” என்றார் உடனே. “இது அதோட பேத்தி. காலையில நீங்க சீப்பை எடுக்கும்போதே எனக்குச் சிரிப்பு. உங்களை மூணு வருசமாத் தெரியும் தாயி. இந்தச் சாவடி வந்த மொத வருசமே ரோட்டுல போகையில பாத்துட்டேன், நம்ம அம்மால்ல இதுன்னு.”

“ஏன் சொல்லலை?”

“பெரிய எடத்துல இருக்கீங்க. நாங்க வந்து சொந்தங் கொண்டாடக் கூடாதுல்ல?” அவர் தரையில் ஒரு குச்சியால் கோடு இழுத்தார். “சாவடி வந்ததுல இருந்து நான் மந்தையோட சாவடி தாண்டுறது இதான் மொதத் தடவை. எங்களுக்குக் கரட்டுச் சாவடி வழிதான் பக்கம். ஒரு நாள் நடை மிச்சம். ஆனாலும் இங்கிட்டுத்தான் ஓட்டிட்டு வந்தேன். எங்க சனத்துக்கும் சொல்லி வச்சிருக்கேன், கல்லுப்பாலத்துக்குப் போங்கடா, அந்தம்மா நம்ம நாய்த் தெள்ளை அன்னைக்கே எடுத்து வச்சிருக்கு, அந்தம்மா மிசினுக்கு நம்ம யாருன்னு தெரியும்னு.”

கமலவேணி நாயின் பக்கம் திரும்பினாள்.

“உங்க சனம் எல்லார்கிட்டயும் கருவாச்சி வம்சம் இருக்கா?”

“பின்ன? எங்கள்ல பொண்ணு கட்டிக் குடுத்தா ஆட்டோட ஒரு நாய்க்குட்டியும் சீரா போகணும். குட்டி போகாத கல்யாணம் கல்யாணமே இல்லைம்பாக. கருவாச்சி போட்ட குட்டிக பூராம் மூணு ஊருக்கும் போயிருக்கு. என் மக அரியநாச்சிக்கும் ஒண்ணு குடுத்தேன்.” குச்சியைக் கீழே போட்டார். “அவ கெடைதான் போன வருசம் இங்க குழிக்குள்ள போச்சு. இருநூத்திப் பத்து உருப்படி. உங்களுக்கு ஞாபகம் இருக்காது.”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. சந்தேகமே இல்லை என்று சந்தோஷப்பட்ட மந்தை.

நாய்க்குட்டியோடு அதே குடும்பத்துத் தெள்ளும் சீராகப் போயிருக்கிறது, அதனால்தான் எல்லாம் நூறு. தெள்ளை எவனாவது தூக்கிக்கொண்டு திரிவானா என்று காலையில் சிரித்தாளே, அதற்குப் பதில் இங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. இந்த மக்கள் மலைமேல் காலே வைக்கவில்லை. அவள் அன்றைக்கு மேல்முகடு என்று எழுதிய ஒரு சொல்லால், எங்கே நடந்தாலும் இவர்கள் நாய்களெல்லாம் காய்ச்சல் மலையிலிருந்து இறங்கி வந்ததாக ஆகிவிட்டன. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

“இருங்க. ஆட்டைத் தொடவிடாதீங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாநிலத்து வரைபடத்துக்கெல்லாம் பொறுப்பு இன்பராஜ். பதினோரு வருடத்துக்கு முன்பு அவர்தான் அவர்கள் குழுவின் தலைவர். போனை எடுத்ததும் அவர் எதையோ உறிஞ்சிக் குடிக்கிற சத்தம் கேட்டது.

“சார், ஆ-பதினேழு மூல மாதிரி தப்பு. மேல்முகட்டுல எடுக்கலை. எல்லப்பாறையில, ஊர் ஊராப் போற மந்தை நாய்மேல எடுத்தேன். எடுத்தது நான்தான்.”

உறிஞ்சுகிற சத்தம் நின்றது. அவர் அதிர்ச்சியாகிக் கத்துவார் என்று அவள் நினைத்திருந்தாள். அவரோ களைத்துப்போன குரலில், “ஆ-பதினெட்டு யாரு எடுத்தது தெரியுமா?” என்றார்.

“தெரியாது சார்.”

“நான். எல்லப்பாறைக்கு அடுத்த வளைவுல ஒரு டீக்கடை இருந்துச்சே, அந்தக் கடை நாய். அது பன் தின்னுக்கிட்டிருந்துச்சு, நான் பாட்டுக்குச் சீவிட்டு வந்துட்டேன்.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “நீ ஒருத்தி மட்டும் அடிவாரத்துல எடுத்தேன்னு இத்தனை நாளாப் பொத்தி வச்சிருக்கியா கமலா? நாளைக்கு மூணு மலை ஏறி இறங்குற காலு அன்னைக்கு யாருக்கு இருந்துச்சு? எவனோ அலமாரியில பூட்டி வைக்கப் போறான்னு நினைச்சோம். அதுவே சாவடியா வந்து நிக்கும்னு யாரு கண்டா?”

“அப்ப மலைமேல நிஜமா இருக்கிற தெள்ளு?”

மறுபடி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“அது வரைபடத்துலயே இல்லையே சார். வேலியைத் தாண்டி நிஜமாவே ஒரு மலை நாய் இறங்கி வந்தா, மிசின் பதிவில் இல்லைன்னுதான் சொல்லும். நம்ம பச்சை காட்டி அனுப்பியிருப்போம். மூணு வருசமா அனுப்பிக்கிட்டிருக்கோம்.”

“அதைப் போன்ல பேசாத.” இப்போதுதான் அவர் குரலில் பயம் வந்தது. “இங்க பாரு. இன்னைக்கு ஒரு மந்தை. ரேகையை வச்சிரு. மாதிரியை அடுத்த திருத்தத்துல சத்தமில்லாம எடுத்துரலாம், நானே எடுத்துர்றேன். இப்ப நீ அதை ரத்து பண்ணினா நாற்பத்திரண்டு சாவடியிலயும் காரணம் தெரியும். ஜனங்க பீதியாயிருவாங்க. தப்பான மாதிரியைக் குடுத்தா என்ன தண்டனைன்னு தெரியும்ல?”

“ரெண்டு வருசம்.”

“மூணு. போன வருசம் திருத்துனாங்க.”

சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்ற நிலையில் மனிதர்கள் பெரும்பாலும் துக்கத்தையே தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் அது பெரும்பாலும் அடுத்தவர் துக்கம். கமலவேணியும் பதினோரு வருடமாக அப்படித்தான் இருந்தாள். இன்றைக்கு அவள் பெரிய வீரம் எதையும் உணரவில்லை. அலுப்பாக இருந்தது. சிவப்பு விளக்கைப் பார்த்துப் பார்த்து, குழி மூடும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வந்த அலுப்பு. பத்தாவது குழியையும் மூடிவிட்டு வீட்டுக்குப் போய் எப்படிச் சோறு தின்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

“வச்சிர்றேன் சார்,” என்று போனைத்தான் வைத்தாள்.

திரையின் அடியில், யாரும் தொடாத ஒரு கட்டம் இருந்தது. ‘மூல மாதிரி ரத்து. எடுத்தவர் மட்டும்.’ அதைத் தொட்டாள். காரணம் கேட்டது. மேல்முகட்டுக்குப் போகாமல் அடிவாரத்தில், நடமாடும் மந்தையின் நாய்மேல் எடுத்தேன் என்று அடித்தாள். மலைத் தெள்ளு எதுவும் வரைபடத்தில் இல்லை, பதிவில் இல்லை என்று வருவதை விடாதீர்கள் என்று அடுத்த வரியில் சேர்த்தாள். இன்பராஜைப் பற்றி எழுதவில்லை. அது அவர் பாடு. கட்டைவிரலை வைத்தாள். மூன்று வருடத்தில் இந்த விரல் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று நினைத்துக்கொண்டாள்.

சிவப்பு அணைந்தது. ‘பதிவில் இல்லை’ என்று வந்து பச்சை எரிந்தது. அவள் சற்று முன் விடாதீர்கள் என்று எழுதிய அதே பச்சை. ஆனால் இந்தத் தெள்ளு யாருடையது என்று உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத் தெரியும். போன் மறுபடி மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

வில்வநாதன் ஓடி வந்தான். “என்னக்கா, பச்சையாயிருச்சு? மிசின் கெட்டுப்போச்சா?”

“இத்தனை நாளாக் கெட்டிருந்துச்சு. கேட்டைத் தூக்கு.”

“தோண்டுன குழி?”

“மூடச் சொல்லு.”

பொக்லைன்காரன் தலையில் அடித்துக்கொண்டான். தம்பி மக்கள் இருவரும் நம்பாமல் இரண்டு தடவை கேட்டுவிட்டு, ஆடுகளை எழுப்பி, நாக்கை மடித்துச் சத்தம் கொடுத்து ஓட்டினார்கள். முந்நூற்று நாற்பதும் பாலத்தில் மண்ணைப் பார்த்தபடியே நடந்தன. சாத்தையாவும் அந்தப் பெட்டை நாயும் மட்டும் போகவில்லை.

“என்ன தாயி நடந்துச்சு?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மழை, அட்டைப்பூச்சி, ஜீப், கருப்பட்டிப் பால், மேல்முகடு என்று எழுதியது. ஒளிக்காமல், அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். உங்கள் தெள்ளுக்கு நான் மலை என்று பெயர் வைத்துவிட்டேன் என்றாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் மெதுவாக, ஏதோ கனமான ஒன்றை நகர்த்துகிறவர் போலக் கேட்டார்.

“அப்ப போன வருசம் அரியநாச்சி கெடை?”

“அதுவும் இதே தெள்ளுதான்.”

“அவ மலைக்குப் போகலை.”

“போகலை.”

சாத்தையா குழிமேட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நேரான கால்கள் மடங்கிப்போனதை அவள் பார்த்தாள்.

“முகாமுல இருந்து போன் போட்டா. பிள்ளை தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுனா. அய்யா, மலைப் பக்கமே போகலைன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா தாயி? அந்தம்மா மிசினுக்கு நம்ம தெள்ளு தெரியும்டி, நம்ம தெள்ளா இருந்தா விட்டிருக்கும், நீ மேய்ச்சலுக்கு ஆசைப்பட்டு மேல ஏத்திட்டு எங்கிட்டப் பொய் சொல்றன்னேன். சனத்துக்கு முன்னால சொன்னேன். நாப்பது நாளும் முகாம் பக்கம் எட்டிப் பாக்கலை. வெளிய வந்தவ திருப்பூருக்குப் போயிட்டா, பனியன் கம்பெனிக்கு. ஒரு வருசமாப் பேச்சில்லை.” அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “உங்களை நம்புனேன். பெத்த பிள்ளையை நம்பலை.”

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மடியிலிருந்து பட்டன் போனை எடுத்தார். எண்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். பெயர் போட்டு வைத்திருக்கவில்லை, மனப்பாடம். கடைசியில் பச்சைப் பொத்தானுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. போனை அவளிடம் நீட்டினார்.

“நீங்க சொல்லுங்க தாயி. எனக்கு வாய் வராது.”

“நான் யாருன்னு அவங்களுக்கு...”

“தெரியும். உங்களைத் தெரியாம இருக்குமா?”

கமலவேணி பொத்தானை அமுக்கினாள். மணி அடித்தது. நாலு, ஐந்து, ஆறு. அப்பாவின் எண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒருத்தி எடுக்கவா வேண்டாமா என்று நிற்பது போலிருந்தது. பிறகு சட்டென்று தையல் மிஷின்களின் இரைச்சல் காதில் விழுந்தது. அந்த இரைச்சலுக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள். இவள் வாயைத் திறப்பதற்குள் அங்கிருந்து குரல் வந்தது. ஒரு வருடமாக வேறு எதையுமே யோசிக்காதவளின் குரல்.

“அய்யா, நான் மலைக்குப் போகலைய்யா.”

கமலவேணி சாத்தையாவைப் பார்த்தாள். அவர் நாயின் தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

“ஆமாத்தா, நீ போகலை,” என்றாள். “நானும் போகலை.”